செண்பகவல்லியின் பின்னால் வந்த ஏரி

கூவாரை ஏரி முதன்முதலாகத் தன் இடத்தை விட்டு நகர்ந்தது ஒரு சனிக்கிழமை காலையில். அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் செண்பகவல்லி, வீட்டுக்காரர் கோமதிநாயகத்தோடும் பதினாறு வயது மகள் இலக்கியாவோடும், பள்ளிக்கூடம் அடைத்திருக்கும் மே மாதத்தில் நாலு நாள் குளிர்ச்சியாக இருந்துவிட்டு வரலாம் என்று சங்கரன்கோவிலிலிருந்து வாடகைக் கார் பிடித்து, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் மகள் வாந்தியெடுக்க, மலையேறி வந்து பாப்பாத்தி காட்டேஜில் இறங்கியிருந்தாள்.

பாப்பாத்தி காட்டேஜ் என்பது ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் ஆறு அறைகள், ஒரு சமையற்கட்டு, ஐந்து மிதிபடகுகள். அறைகளைக் குழந்தைவேலு பார்த்துக்கொள்வார், அடுப்பை அவர் மனைவி பாப்பாத்தி பார்த்துக்கொள்வாள், படகுகளையும் வருகிறவர்களை மலைமேல் நடத்திக் கூட்டிப்போவதையும் அவர் தம்பி சடையன் பார்த்துக்கொள்வார். மூன்று பேரும் விருந்தாளிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள், அதற்காகவே சில குடும்பங்கள் வருடம் தவறாமல் வரும்.

செண்பகவல்லி சத்துணவு அமைப்பாளர். இருபத்திரண்டு வருடமாக ஒரு நடுநிலைப்பள்ளியின் பின்கட்டில் நின்று நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள், ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவள். கோமதிநாயகம் உரக்கடை வைத்திருப்பவர். தெருவில் இறங்கினால் அவளுக்குப் பத்தடி முன்னால் நடப்பவர், திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர், மற்றபடி குற்றம் சொல்ல முடியாத மனிதர். வந்த அன்று சாயங்காலம் மூன்று பேரும் அன்னப்பறவை முகம் வைத்த படகில் போனார்கள். அப்பாவும் மகளும் மிதிக்க, அவள் பின்னால் உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டபடி வந்தாள். இறங்கும்போது சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது, முந்தின நாள் நாற்பது எட்டு தள்ளிக் கிடந்த ஏரி அவர்கள் அறை வாசலின் கடைசிப் படியில் வந்து படுத்திருந்தது. எதிர்க்கரையில் அதே நாற்பது எட்டுக்குச் சேறு தெரிந்தது. மழை பெய்யவில்லை, மதகு எதையும் யாரும் திறக்கவில்லை. ஏரி மொத்தமாக, படகுகளையும் மீன்களையும் ஆகாயத்தாமரையையும் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் தள்ளி வந்திருந்தது.

பாப்பாத்தி முற்றத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஏரி இங்க வந்து கெடக்கு?" என்றாள் செண்பகவல்லி.

"ராத்திரி புரண்டு படுத்திருக்குங்க," என்றாள் பாப்பாத்தி. "காப்பி அங்கயே கொண்டாரட்டுமா, இல்ல பின்பக்கமா சுத்தி வர்றீங்களா?"

செண்பகவல்லி பின்பக்கமாகச் சுத்தி வந்தாள். அவள் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஏரியும் பின்பக்கமாகச் சுத்தி வந்துவிட்டது.

அன்றைக்கு அவர்கள் பார்வைப் பாறைக்கு நடந்து போவதாக ஏற்பாடு. சடையன் முன்னால் வழிகாட்ட, அவர் பின்னால் கோமதிநாயகம், அவர் பின்னால் இலக்கியா, கடைசியில் செண்பகவல்லி என்று பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஏறி, கீழே சமவெளி முழுக்கப் பழுப்பு நிறத்தில் விரிந்து கிடப்பதைப் பார்த்து, அட்டைப் பூச்சிகளை உப்புப் போட்டு உதிர்த்து, பாப்பாத்தி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தபோது, செண்பகவல்லிக்குக் குதிகாலில் சில்லென்று பட்டது. திரும்பிப் பார்த்தாள். ஏறி வந்த ஒற்றையடிப் பாதை தெரியவில்லை. பைன் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன, அவற்றின் இடையே ஐந்து படகுகளும் ஒன்றையொன்று இடித்தபடி மிதந்து வந்துகொண்டிருந்தன, தண்ணீரின் நுனி அவள் காலடியில் ஒரு விரல் அகலம் விட்டு நின்றிருந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய ஏரி அவ்வளவு செங்குத்தான மலையில் ஏறி வந்ததற்கு ஒரு சருகு நனைந்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை.

சடையன் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"அக்கா, நீங்க சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் அங்கனயே இருங்க. எந்திரிச்சுடாதீங்க. நான் படகுகளக் கட்டிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் இறங்கினபோது ஏரியும் அவர்கள் பின்னால் இறங்கி, பழைய பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது, கரையில் மட்டும் அவள் அறைப் பக்கமாக ஒரு மூக்கு நீட்டியிருந்தது.

கூவாரைக்காரர்கள் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மக்காச்சோளம் சுட்டு விற்கிறவன் வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டினான், குதிரைக்காரர்கள் காலையில் எழுந்ததும் ஏரி எங்கே என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் குதிரையை ஓட்டிப்போனார்கள், வலைக்காரர் ஒருவர் வலையைச் செண்பகவல்லி உட்கார்ந்திருக்கும் திசை பார்த்து விரித்தால் போதும் என்று கண்டுபிடித்தார். அது யார் பின்னால் போகிறது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தார்கள். குழந்தைவேலு மிகவும் கூச்சத்தோடு வந்து, தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்லி, முதலில் கோமதிநாயகத்தைக் கடைவீதிவரை நடக்கச் சொன்னார், ஏரி அசையவில்லை. இலக்கியாவை நடக்கச் சொன்னார், அசையவில்லை. செண்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அது எழுந்து, தெருவின் அகலத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, வீடுகளின் படிகளை மட்டும் நனைத்தபடி பின்னாலேயே போய், அவள் ரேஷன் கடைக்குள் ஒதுங்கியதும் வாசலில் நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கு இடம் விட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த முதல் வாரம் செண்பகவல்லி சந்தோஷமாகத்தான் இருந்தாள். பூண்டுத் தோட்டக்காரர்களும் கேரட் தோட்டக்காரர்களும் வந்து, "அக்கா, எங்க காட்டுப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்," என்று கேட்டபோது அவள் தட்டவில்லை. அவள் வரப்பில் நடந்தாள், ஏரி பாத்தியில் நடந்தது. அவள் நின்று ஒரு கேரட்டைப் பிடுங்கிக் கழுவித் தின்றாள், அதற்குள் நாலு ஏக்கர் நனைந்திருந்தது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அவள் மட்டும் யூகலிப்டஸ் தோப்புக்குள் போய், ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஏரி தோப்பின் ஓரத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் இடப்பக்கம் போயிற்று, கொஞ்ச நேரம் வலப்பக்கம் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எதனாலோ அழுகை வந்தது, "இங்க இருக்கேன்," என்று சொன்னாள். அது வந்தது.

அதற்கு நடுவே, செவ்வாய்க்கிழமை, ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. கார்க்காரர் மேலே வந்தார், பெட்டிகளை ஏற்றினார், செண்பகவல்லி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் பின்கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு இறங்கி, பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தார்.

"ஏரியக் கூட்டிக்கிட்டு என்னால மலை இறங்க முடியாது சார். வண்டி ஓனருக்கு யாரு பதில் சொல்றது?"

மலை பஸ் அவளைக் கண்டதும் வேகமெடுத்துப் போயிற்று. குழந்தைவேலு ஓடி வந்து பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டார். இருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், இனி இது உங்கள் வீடு என்றார். செண்பகவல்லி கடையநல்லூரில் இருக்கும் மூத்த அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணிக்குப் பஞ்சமில்லாத எடம்னு சொல்லுத, அங்கனயே இருந்துக்கிடேன். இங்க என்ன கெடக்கு?" என்றாள்.

அந்த வாரத்தில்தான் கூவாரைக்காரர்கள் அவளைக் கூப்பிடுகிற விதம் மாறியது. அக்கா என்றவர்கள் அம்மா என்றார்கள். அம்மா என்பது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதில், இலக்கியா "யம்மா" என்று கூப்பிட்டால்கூட அவள் சட்டென்று திரும்பாமல் போகத் தொடங்கினாள், நாலு பேர் கூப்பிட்ட பிறகு ஐந்தாவது குரலுக்குத் திரும்புகிறவளைப் போல. பத்தாம் நாள் அம்மா என்றவர்கள் ஆத்தா என்றார்கள். அவள் அறை வாசலில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மறுநாள் மஞ்சள், அதற்கு மறுநாள் சிவப்பு ரவிக்கைத் துணி. அவள் நடந்துபோனால் பேச்சு நின்றது. அவளிடம் யாரும் விலை கேட்பதில்லை, ஊர்க்கதை சொல்வதில்லை, சளி பிடித்திருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு மட்டும் தலைவாழை இலை போட்டார்கள், அவள் சாப்பிட்டு எழுந்த பிறகே மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், அவள் மிச்சம் வைத்ததை ஒரு பருக்கை விடாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கோமதிநாயகம் முதலில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். பிறகு அறை வாசலில் சேரும் பழங்களை ஒழுங்காக அடுக்கி வைத்தார். பிறகு, வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஆளுக்கொரு சிட்டிகை திருநீறு கொடுத்தார். ஒருநாள் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், அதன் பிறகு அவர் சட்டை போடவில்லை. கடையைப் பற்றி அவர் பேசுவது நின்றது. அவர் இப்போது செண்பகவல்லிக்கு முன்னால் நடப்பதில்லை. பத்தடி பின்னால், ஏரியின் ஓரத்தில், கால் நனைய வந்தார்.

"ஏங்க, ஜூன் ஒண்ணாந்தேதி பள்ளிக்கூடம் திறந்துருவாங்க. நாம எப்பப் போறது?" என்று அவள் கேட்டாள்.

"பாப்போம்," என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கால்களைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம், அவள் தலை குளித்துவிட்டு ஏரிக்கரை மேட்டில் நின்று கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது, இலக்கியா அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்தாள். ஊர்க் கொத்தனார் குனிந்து, ஒரு கையில் நூல்கண்டோடு, அம்மாவின் நிழலின் காலடியிலிருந்து தலைவரை நூலை வைத்துப் பிடித்து, பல்லால் கடித்து அறுத்தார். அறுத்த நூலை மடித்து மடியில் சொருகிக்கொண்டார். இலக்கியா வெளியே ஓடி வந்தாள்.

"என்ன அளக்குதீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா. நிழலத்தான்."

"எதுக்கு?"

"கரைமேல ஆத்தாவுக்கு ஒரு பீடம் கட்டுறோம். அளவு வேணும்ல," என்று அவர் அன்பாகச் சொன்னார், அவள் தலையைத் தடவினார், போய்விட்டார்.

கரையில் அன்றைக்கே குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டுகிறவர்கள் இடுப்பளவு இறங்கினார்கள், பிறகு மார்பளவு இறங்கினார்கள், வியாழக்கிழமை மத்தியானம் உள்ளே நிற்பவரின் தலை வெளியே தெரியவில்லை. யாரும் அவசரப்படவில்லை. பாட்டுக்கூடப் பாடினார்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிவாக்கில் செண்பகவல்லி சமையற்கட்டுக்குப் போனாள். ஏரி வெளியே மதில் ஓரமாக நின்றது. பாப்பாத்தி ஒரு முறம் பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கக்கா. நான் என்ன கலெக்டரா? வந்த அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்துதான சாப்ட்டீங்க. இப்ப ஏன் உக்கார மாட்டேங்கீங்க?"

பாப்பாத்தி உட்காரவில்லை.

"சாமி பக்கத்துல உக்காந்து எப்படிங்க சாப்புடுறது?"

"நான் சாமியா?"

"இன்னிக்கி இல்ல," என்றாள் பாப்பாத்தி. ஒரு பட்டாணித் தோலைக் கீழே போட்டாள். "நாளைக்கி மத்தியானம் வரைக்கும் இல்ல."

செண்பகவல்லி முறத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கை அதுபாட்டுக்கு ஒரு பட்டாணியை எடுத்து உரித்தது. வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பீடத்துக்கு எதுக்கு அம்புட்டு ஆழமாத் தோண்டுதாங்க?"

பாப்பாத்தி வாசலைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தாமல், சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தக் கரை எங்க மாமனாரோட பாட்டன் காலத்துல மூணு தடவ உடைஞ்சுச்சாம். நாலாவது தடவ கட்டுனாங்க, அது இன்னிக்கி வரைக்கும் உடையல. ஏன் உடையலைன்னு இந்த ஊர்ல யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. உங்களுக்குக் கெடுதல் நெனைக்கிறவங்க இங்க ஒருத்தரும் இல்லீங்க. நீங்க போயிட்டா ஏரி போயிரும்னு பயம். நீங்க இருந்தாலும் நாளைக்கி எந்திரிச்சு எங்கியாச்சும் நடந்தா அதுவும் நடக்கும்ல. நடக்காம ஒரே எடத்துல இருந்துட்டீங்கன்னா..."

செண்பகவல்லியின் கை நின்றுவிட்டது.

"இலக்கியா அப்பாவுக்குத் தெரியுமா?"

"நல்ல நேரம் அவருகிட்டதான் கேட்டாங்க. பன்னண்டரைன்னு சொன்னாரு. எதுக்குன்னு அவரு கேக்கல."

ரொம்ப நேரம் இரண்டு பேரும் பட்டாணி உரித்தார்கள். முறம் காலியானதும் பாப்பாத்தி தோலை வாரிக் கூடையில் போட்டாள்.

"அன்னப் படகுக்குச் செயினு மாத்தி எண்ணெ விட்டிருக்கேன். சடையனுக்குத் தெரியாது. காலையில, படையலுக்கு முன்னால ஏரில ஒரு சுத்துப் போயிட்டு வரேன்னு சொல்லுங்க. சாமி கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

"ஏரி என்கூட வந்துட்டா உங்க பொழப்பு என்னாவும்?"

"அத மட்டும் என்னைக் கேக்காதீங்க," என்றாள் பாப்பாத்தி. "நீங்க என் கையால தின்னவங்க. நான் உங்களுக்கு ரசம் ஊத்தியிருக்கேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே கரையில் நின்றது. மேளக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஆடு ஒன்று மாலையோடு நின்றது, குழிக்குப் பக்கத்தில் புதுப்பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. செண்பகவல்லியை மஞ்சள் சேலை கட்டிக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் ஏரியில் ஒரு சுத்துப் போய்வர வேண்டும் என்று சொன்னதும், பாப்பாத்தி சொன்னது போலவே, ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. சடையனே படகை இழுத்துக் கரையோடு பிடித்துக்கொண்டார். இலக்கியா முதலில் ஏறினாள்.

கோமதிநாயகம் நெற்றி நிறையத் திருநீறோடு, பித்தளைத் தட்டை ஏந்தி, தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தார்.

"ஏங்க," என்றாள் செண்பகவல்லி. "நீங்களும் வாங்க. மூணு பேரும் போவோம்."

அவர் அவளைப் பார்த்தார். உரக்கடைக்குள் நெஞ்சடைக்கும் வாசனையில் உட்கார்ந்து இருபது வருடம் கழித்த மனிதர், இருபது வருடத்தில் ஒரு தடவைகூடத் தனக்காக யாரும் காத்துக்கொண்டு நிற்கப் பார்க்காதவர், இப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு ஊர் தனக்காகக் காத்துக்கொண்டிருப்பதை உணர்ந்தார்.

"நீ போயிட்டு வா ஆத்தா," என்றார். "பன்னண்டரைக்குள்ள வந்துரணும்."

பத்தொன்பது வருடம் ஏட்டி என்று கூப்பிட்டவர். செண்பகவல்லி மகள் பக்கத்தில் உட்கார்ந்து மிதியில் காலை வைத்தாள்.

அவர்கள் நடு ஏரிவரைக்கும் மெதுவாகப் போனார்கள். மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு செண்பகவல்லி படகைக் கிழக்கே, மலைப்பாதை இறங்கும் பக்கமாகத் திருப்பினாள், அங்கே கரை கருங்கல் வைத்து உயரமாக நின்றது.

"யம்மா, கரை வருது," என்றாள் இலக்கியா.

"மிதி."

"யம்மா, மோதப் போவுது."

"மிதிட்டி!"

அவர்கள் மிதித்தார்கள், அவள் கரையை நெருங்க நெருங்க ஏரி அவளுக்குக் கீழே எழுந்தது, கரையளவு எழுந்தது, கருங்கல்லின் மேல் விளிம்பில் படகின் அடி உரசாமல் வழுக்கி, அந்தப் பக்கம் தார்ச்சாலையில் இறங்கியது. அவர்கள் மிதிப்பதை நிறுத்தவில்லை. முழு ஏரியும் கரையைத் தாண்டி அவர்களோடு வந்தது, பச்சை நிறத்தில், சத்தமில்லாமல். பின்னால் மேளம் இரண்டு அடி அடித்து நின்றது. ஊர் ஜனம் ஓடி வந்தது. முதல் வளைவுவரை ஓடி வந்தார்கள், இரண்டாவது வளைவுவரை ஓடி வந்தார்கள், மூன்றாவது வளைவில் நின்றுவிட்டார்கள். இலக்கியா திரும்பிப் பார்த்தபோது அவர்கள் சாலையோரத் தடுப்புச் சுவரின் பின்னால் வரிசையாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, அதைப் பார்த்ததும்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அப்பா அந்த வரிசையில் நடுவில் நின்றார்.

நான்காவது வளைவு, ஐந்தாவது வளைவு என்று அவர்கள் இறங்கினார்கள். மேலே ஏறி வந்த லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏரி கடந்து போகும்வரை பொறுத்திருந்தார்கள், பலாப்பழம் விற்கும் பெண்கள் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் பேசாமல் நின்றார்கள், குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்தன. ஆனால் ஏரி சமதளத்தில் கிடந்து பழகியது. ஒவ்வொரு வளைவிலும் அதில் கொஞ்சம் திரும்ப முடியாமல் பள்ளத்தில் சரிந்தது. கொஞ்சம் காப்பித் தோட்டத்து மண்ணில் இறங்கியது. கொஞ்சம் பாறை இடுக்குகளில் மாட்டிக்கொண்டு பின்தங்கியது. எட்டாவது வளைவில் மீன்கள் சாலையில் துள்ளின. பன்னிரண்டாவது வளைவில் ஏரி ஒரு குளத்தளவு இருந்தது, பதினைந்தாவதில் ஒரு கிணற்றளவு. செண்பகவல்லி ஒரு தடவை மிதிப்பதை நிறுத்தினாள், அது அங்கேயே தங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளுமோ என்று. அது தங்கவில்லை. படகைச் சுற்றி வந்து, அவள் வழக்கமாகக் கை விடும் வலப்பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கையை உள்ளே விடவில்லை. மறுபடி மிதித்தாள்.

கூவாரைக்காரர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொத்தனார் தன்னிடமிருந்த நூலைக் குழிக்குள் வைத்தார், அதன்மேல் பீடம் எழும்பியது. நேரம் பன்னிரண்டரை தவறவில்லை. கோமதிநாயகம் இன்றைக்கும் அங்கேதான் பூசை செய்கிறார், நெற்றியில் திருநீறு காய்ந்து உதிரும்போதெல்லாம் கிழக்கே சாலையைப் பார்க்கிறார் என்கிறார்கள். ஏரி இருந்த பள்ளத்தில் இடுப்பளவு புல் முளைத்திருக்கிறது. பாப்பாத்தி காட்டேஜுக்கு ஆட்கள் குறைவு. வருகிறவர்கள் மிதிபடகுகளில் ஏறி, புல்லுக்கு நடுவே உட்கார்ந்து, காற்றில் அது அலையடிப்பதைப் பார்த்துவிட்டு, பாப்பாத்தியோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். செயினுக்கு எண்ணெய் விட்டது யார் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கையால் ஊரில் ஒருவரும் ஒரு வாய் வாங்கித் தின்பதில்லை.

பதினெட்டாவது வளைவைத் தாண்டியதும் படகின் அடி தாரில் உரசி நின்றுவிட்டது. அம்மாவும் மகளும் இறங்கினார்கள். சுற்றிலும் ஒரு பாய் விரித்த அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. அடிவாரத்து மே மாத வெயில் கொதித்தது. அவர்கள் டீக்கடைப் பக்கத்திலிருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள், அது பின்னால் வந்தது, வந்த தடம் பின்னாலேயே காய்ந்துகொண்டு வந்தது. நிழற்குடைக்குள் வந்து சேரும்போது ஒரு தாம்பாளம் அளவு இருந்தது, பச்சை நிறம் போய் வெறும் தண்ணீராக இருந்தது.

"யம்மா, இது செத்துரும்," என்றாள் இலக்கியா.

"பாக்காத."

"நம்ம என்ன செஞ்சோம் அதுக்கு? அது என்ன கேட்டுச்சு நம்மள?"

"பாக்காதன்னு சொன்னேம்லா. பஸ் வருது பாரு."

மதுரை பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். செண்பகவல்லி மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். கண்டக்டர், ஐம்பது வயதுக்காரர், விசிலை வாயில் வைத்தார். வைத்துவிட்டு ஊதாமல் படிக்கட்டைப் பார்த்தார். ஒரு உள்ளங்கையளவு தண்ணீர் கீழ்ப்படியில் ஏறி நின்று, அடுத்த படிக்கு எட்டாமல், என்ஜின் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

செண்பகவல்லி கம்பியை விட்டாள், எழுந்தாள், படிக்கட்டில் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதை ஏந்தி எடுத்தாள். அது இப்போதும் சில்லென்று இருந்தது. கனமாக இருந்தது, அவள் தோள் இரண்டும் இறங்கும் அளவுக்கு.

"மூணு பேரு," என்றாள்.

கண்டக்டர் அவள் கைக்குள் எட்டிப் பார்த்தார். பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளைக் கிழித்து இலக்கியாவிடம் கொடுத்தார்.

"கைப்பிள்ளைக்கு டிக்கெட் கெடையாதும்மா," என்றார். "வெயில் படாம மடில வச்சுக்கங்க."